கேட்காதவர்களின் வாசல்





 

2020ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் திகதி கொழும்பு மாளிகாவத்தையில் நடந்ததை உங்களில் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். ரமழான் முடிவதற்குச் சில நாட்களே இருந்தன. கொரோனாத் தொற்றின் காரணமாகக் கொழும்பில் ஏறத்தாழ இரண்டு மாதங்களாக ஊரடங்குச் சட்டம் அமுலில் இருந்தது. முச்சக்கர வண்டி ஓட்டியவருக்கு ஓட்டம் இல்லை. கடைத்தெருவில் மூட்டை சுமந்தவருக்குச் சுமக்க மூட்டை இல்லை. வீட்டு வேலைக்குச் சென்று வந்த தாய்மாரை யாரும் வீட்டுக்குள் எடுக்கவில்லை. அந்த நிலையில் ஓரிடத்தில் பணம் பகிர்ந்தளிக்கிறார்கள் என்ற செய்தி பரவியது. பெண்கள் திரண்டு வந்தார்கள். நெரிசலில் சிக்குண்டு மூன்று பெண்கள் மரணித்தார்கள்; வேறு சிலர் காயமடைந்தார்கள். மரணித்த அந்தச் சகோதரிகளுக்கு அல்லாஹ் ரஹ்மத் செய்வானாக.

கொடுக்க முன்வந்தவரின் நிய்யத்தைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இல்லை. அது அவருக்கும் அவரது இரட்சகனுக்கும் இடையிலான விடயம். எதுவுமே கொடுக்காமல் வீட்டில் இருந்தவர்கள் கொடுத்தவரை நோக்கி விரல் நீட்டுவது நியாயமுமன்று. ஆனால், அந்த மூன்று ஜனாஸாக்களும் நம் எல்லோரிடமும் ஒரு கேள்வியை விட்டுச் சென்றிருக்கின்றன. ஏழை ஏன் நம் வாசலுக்கு வரவேண்டும்? நாம் ஏன் அவரது வாசலுக்குப் போகவில்லை?

ஸூரா பனீ இஸ்ராஈலின் 70ஆவது வசனத்தில் அல்லாஹ் ஆதமின் சந்ததியினருக்குத் தான் வழங்கிய கண்ணியத்தைப் பற்றிப் பேசுகிறான். அந்தக் கண்ணியத்துக்கு அவன் முஃமினாக இருக்கவேண்டும் என்று அங்கே நிபந்தனை இல்லை. செல்வந்தனாக, படித்தவனாக, நம் ஊரவனாக இருக்கவேண்டும் என்றும் இல்லை. ஆதமுடைய பிள்ளை என்பது ஒன்றே போதுமானதாக இருக்கிறது. அல்லாஹ் இலவசமாகக் கொடுத்த அந்தக் கண்ணியத்தை, ஐந்து கிலோ அரிசியையும் ஒரு கிலோ பருப்பையும் கொடுத்துவிட்டு நாம் திரும்ப வாங்கிக்கொள்கிறோமா என்று ஒவ்வொருவரும் தன் உள்ளத்தைக் கேட்டுப் பார்க்கவேண்டியிருக்கிறது.

உண்மையான ஏழை யார் என்று நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை விளக்கினார்கள். புஹாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் அது பதிவாகியிருக்கிறது. வீடு வீடாகச் சென்று ஓரிரு கவளங்களையோ ஓரிரு பேரீச்சம் பழங்களையோ பெற்றுத் திரும்புபவனை அவர்கள் மிஸ்கீன் என்று சொல்லவில்லை. தேவைக்குப் போதுமானது கையில் இல்லாத, ஆனால் அவனது நிலை பிறருக்குத் தெரியாததால் யாரும் கொடுக்காத, எழுந்து நின்று கேட்கவும் செய்யாத மனிதனையே அவர்கள் மிஸ்கீன் என்றார்கள். ஸூரா அல்பகராவின் 273ஆவது வசனமும் இதே மனிதரைத்தான் சுட்டுகிறது. அவரது தன்மானத்தைப் பார்த்து, விபரம் தெரியாதவர் அவரை வசதியானவர் என்றே எண்ணிக்கொள்வாராம். ஆனால் அவருக்கு அடையாளங்கள் இருக்கின்றன. பார்க்கத் தெரிந்தவருக்கு அவை தெரியும்.

அந்த அடையாளம் எப்படியிருக்கும் என்பதற்கு அபூஹுரைரா (ரழி) அவர்கள் தாமே அறிவித்த ஒரு சம்பவம் போதும். மஸ்ஜிதுந் நபவியின் திண்ணையில் தங்கியிருந்த ஏழைத் தோழர்களில் அவர்களும் ஒருவர். பசியின் கொடுமையால் வயிற்றில் கல்லைக் கட்டிக்கொண்ட நாட்கள் அவை. ஒருநாள் மக்கள் வெளியேறும் பாதையில் போய் அமர்ந்துகொண்டார்கள். அபூபக்ர் (ரழி) அவர்கள் வந்தபோது அல்குர்ஆனின் ஒரு வசனத்தைப் பற்றிக் கேட்டார்கள். வசனம் தெரியாமல் அல்ல. பேச்சின் நடுவே தம் முகத்தைப் பார்த்து, வீட்டுக்கு அழைத்துச் சென்று உணவளிக்கமாட்டார்களா என்ற ஆசையில். அபூபக்ர் (ரழி) அவர்கள் கடந்து சென்றுவிட்டார்கள். அடுத்து உமர் (ரழி) அவர்கள் வந்தார்கள். அதே கேள்வி, அவர்களும் கடந்து சென்றார்கள். மூன்றாவதாக நபி (ஸல்) அவர்கள் வந்தார்கள். முகத்தைப் பார்த்தார்கள், புன்னகைத்தார்கள். உள்ளத்தில் இருப்பதை விளங்கிக்கொண்டு, தம்மோடு வருமாறு அழைத்தார்கள்.

வீட்டில் அன்பளிப்பாக வந்த ஒரு கோப்பைப் பால் இருந்தது. திண்ணைத் தோழர்கள் அனைவரையும் அழைத்து வருமாறு நபியவர்கள் கூற, இந்தக் கொஞ்சப் பால் அத்தனை பேருக்கும் எம்மாத்திரம் என்று அபூஹுரைரா (ரழி) அவர்களுக்கு உள்ளூரக் கவலை. தமக்கு ஒரு மிடறு கிடைத்தால் தெம்பு வருமே என்ற ஏக்கத்தை அவர்கள் மறைக்காமல் அறிவித்திருக்கிறார்கள். எல்லோரும் வந்தார்கள். ஒவ்வொருவராக வயிறு நிறைய அருந்தினார்கள். பின்னர் நபியவர்கள் அபூஹுரைரா (ரழி) அவர்களை அமர்த்தி, இனி இடமில்லை என்று சொல்லும்வரை திரும்பத் திரும்பக் குடிக்கச் செய்தார்கள். எஞ்சியதைத் தாம் கடைசியில் அருந்தினார்கள்.

கவனியுங்கள். கடந்து சென்ற இருவரும் சாதாரண மனிதர்கள் அல்லர். இந்த உம்மத்தில் நபியவர்களுக்கு அடுத்த இடத்தில் இருப்பவர்கள். கேட்டிருந்தால் தம்மிடமிருந்த அனைத்தையும் கொடுத்திருப்பார்கள். கேட்கப்பட்டதோ வசனம். பசியை யாரும் கேட்கவில்லை. ஏழையின் கேள்விக்குள் இருக்கும் வேறொரு கேள்வி அத்தகையோருக்கே சில வேளை தெரியாமற் போகும் என்றால், அவசரத்தில் வாழும் நமக்கு எவ்வளவு தூரம் தெரியாமற் போகும்!

அந்தக் கேள்விகள் நம் ஊரிலும் கேட்கப்படுகின்றன. “ராத்தா, உங்கட கடையில் இப்ப மா என்ன விலை?” என்று ஒரு தாய் கேட்கிறாள். வாங்குவதற்காக அல்ல. “மாஸ்டர், இந்த மாத வகுப்புக் காசை அடுத்த மாதம் தரலாமா?” என்று ஒரு மாணவன் கேட்கிறான், பிறகு வகுப்புக்கே வருவதில்லை. வழமையாக முதல் ஸஃப்பில் நிற்கும் ஒருவர் பள்ளிவாசலுக்கு வருவதைக் குறைத்துக்கொள்கிறார். வழியில் கடன் கொடுத்தவரின் கடை இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் பளிச்சென்று இருந்த பிள்ளையின் சட்டை இரண்டு வருடங்களாக மாறவில்லை. பெருநாளைக்கு முந்திய வாரம் ஒரு வீட்டுப் பெண்ணின் காதில் இருந்த தோடு காணாமற் போகிறது. இவை அடையாளங்கள். இவற்றை வாசிப்பதற்குப் பட்டம் தேவையில்லை. பக்கத்து வீட்டைப் பார்க்கும் கண் தேவை.

2022ஆம் ஆண்டு நம் நாடு பொருளாதார நெருக்கடியில் விழுந்தபோது இந்த அடையாளங்கள் எத்தனை வீடுகளில் தோன்றின! அந்த வருடம் செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவுப் பணவீக்கம் 95 சதவீதத்தை நெருங்கியது. முந்திய வருடம் 100 ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு 195 ரூபா தேவைப்பட்டது என்பது இதன் பொருள். 2021இல் சனத்தொகையில் 13 சதவீதமாக இருந்த வறுமை 2022இல் 25 சதவீதமாக உயர்ந்ததாக உலக வங்கி கணித்தது. ஒரு வருடத்துக்குள் நான்கு பேரில் ஒருவர்! அவர்களில் பெரும் பகுதியினர் அதற்கு முன் கை நீட்டிப் பழக்கமில்லாதவர்கள். சிறு கடை வைத்திருந்தவர்கள், தையல் செய்தவர்கள், பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர்கள். பிற்காலத்தில் பணவீக்கம் குறைந்தது என்பது உண்மை. ஆனால் பணவீக்கம் குறைந்தால் விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பிவிடுவதில்லை. ஏறுகிற வேகம்தான் குறைகிறது. அடகு வைத்த நகையும் தானாகத் திரும்பி வருவதில்லை. கிழமைக்குக் கிழமை வாசலுக்கு வந்து வசூலிக்கப்படும் நுண்கடனில் சிக்கிய தாய்மாரின் கதை இன்னும் வேதனையானது.

இத்தகைய குடும்பம் உலருணவு வரிசையில் வந்து நிற்காது. நிற்பதற்கு அதற்குத் தெரியாது.

இளைஞர்களே, இங்கே உங்களோடு சற்றுத் தனியாகப் பேசவேண்டியிருக்கிறது. நிவாரணப் பணி என்றால் முதலில் எழுந்து வருபவர்கள் நீங்கள்தான். வெள்ளம் வந்தால் இடுப்பளவு தண்ணீரில் சோற்றுப் பார்சலைத் தலையில் சுமப்பவர்களும் நீங்கள்தான். அல்லாஹ் அதற்குரிய கூலியைத் தருவானாக. ஆனால் உங்கள் கையில் ஒரு தொலைபேசி இருக்கிறது. பொதியைக் கொடுக்கும்போது அந்தக் குடும்பத்தை நிறுத்திப் படம் எடுக்கிறீர்கள். பொதியின் ஒரு முனையை நிர்வாகத் தலைவர் பிடிக்கிறார். மறு முனையை ஒரு விதவைத் தாய் பிடிக்கிறாள். அருகில் அவளது மகள் நிற்கிறாள். மாலையில் அப்படம் முகநூலிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் வருகிறது. மறுநாள் காலையில் அந்தச் சிறுமி எட்டாம் வகுப்புக்குப் போகவேண்டும். அவளுடைய வகுப்புத் தோழியரின் வீடுகளிலும் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார்கள். அந்த அரிசி ஒரு வாரத்தில் முடிந்துவிடும். படம் எத்தனை வருடம் இருக்கும்?

கணக்குக் காட்டவேண்டும், பணம் அனுப்பியவர்களுக்கு அத்தாட்சி வேண்டும் என்று சொல்வீர்கள். நியாயமான காரணம்தான். பற்றுச்சீட்டை அனுப்புங்கள். அடுக்கி வைத்த பொதிகளைப் படம் எடுத்து அனுப்புங்கள். எத்தனை குடும்பம், எந்தத் தெரு, எவ்வளவு செலவு என்று எழுதி இருவர் கையொப்பமிட்டு அனுப்புங்கள். முகம் எதற்கு? ஸூரா அல்பகராவின் 264ஆவது வசனம், சொல்லிக்காட்டுவதாலும் நோவினை செய்வதாலும் தர்மத்தைப் பாழாக்கிவிட வேண்டாம் என எச்சரிக்கிறது. சொல்லிக்காட்டுவதற்கு முன்னொரு காலத்தில் நாவு வேண்டியிருந்தது. இப்போது ஒரு படம் அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

நமது முன்னோர் இதில் எவ்வளவு நுணுக்கமாக இருந்தார்கள்! நபியவர்களின் பேரரான ஹுஸைன் (ரழி) அவர்களின் மகன் அலீ ஸைனுல் ஆபிதீன் (ரஹ்) அவர்கள் மதீனாவில் வாழ்ந்தார்கள். இரவில் யாரோ ஒருவர் உணவு கொண்டுவந்து வைத்துவிட்டுச் செல்வதை அங்குள்ள பல ஏழைக் குடும்பங்கள் அறிந்திருந்தன, யாரென்று அறிந்திருக்கவில்லை. அன்னார் வபாத்தான பின் உணவு வருவது நின்றது. ஜனாஸாவைக் குளிப்பாட்டியவர்கள் முதுகில் மாமூட்டை சுமந்த தழும்புகளைக் கண்டார்கள். அப்போதுதான் ஊருக்கு விடயம் தெரிந்தது என வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். உஸ்மானியர் காலத்துத் துருக்கியில் வேறொரு வழக்கம் இருந்தது. செல்வந்தர் தம்மை யாரும் அறியாத ஒரு பகுதிக்குச் சென்று, பலசரக்குக் கடைக்காரரிடம் கடன் கொப்பியைக் கேட்டு, அதில் சில பக்கங்களின் தொகையைச் செலுத்திவிட்டுப் போய்விடுவார். யாருடைய கடன் தீர்ந்தது என்பது அவருக்குத் தெரியாது. தன் கடனைத் தீர்த்தவர் யாரென்பது கடன்பட்டவருக்குத் தெரியாது. நம் ஊர்ச் சில்லறைக் கடைகளிலும் அந்தக் கொப்பி இருக்கிறதல்லவா? அதைத் திறந்து பார்க்கச் சொல்லிக் கடை முதலாளியிடம் மெதுவாகப் பேசுங்கள். எந்த வீடு ஆறு மாதமாகப் பால்மா எடுக்கவில்லை என்பது நிர்வாக சபையை விட அவருக்கு நன்றாகத் தெரியும்.

இவ்வளவும் சொல்லும்போது நம்மிடமே இருக்கும் ஒரு நல்ல முறையை மறந்துவிடக் கூடாது. நோன்புக் காலத்தில் அஸருக்குப் பின் பள்ளிவாசலில் கஞ்சி கொடுக்கிறோம். வாளியோடு பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். வைத்தியரின் மகனும் நிற்கிறான், மீன் வியாபாரியின் மகனும் நிற்கிறான். பல ஊர்களில் அயலிலுள்ள தமிழ், சிங்கள வீடுகளுக்கும் அந்தக் கஞ்சி போகிறது. அன்று மாலை சில வீடுகளில் அந்தக் கஞ்சி நோன்பு திறப்பதற்கான சுவையான ஒரு பதார்த்தம். சில வீடுகளில் அதுதான் இரவுச் சாப்பாடு. எது எந்த வீடு என்று வரிசையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அந்த வரிசையில் யாருக்கும் வெட்கமில்லை. வசதியுள்ள பெற்றோர்கள், “நமக்கெதற்கு, வீட்டிலேயே காய்ச்சலாம்” என்று பிள்ளையை நிறுத்திக்கொள்ளாதீர்கள். உங்கள் பிள்ளை அங்கே நிற்பதால்தான் மற்றப் பிள்ளை தலை நிமிர்ந்து நிற்கிறது.

இன்னொரு விடயம். உதவி என்று வரும்போது நம்மில் சிலர், நம்மவர் போதும் என்ற அளவில் நின்றுவிடுகிறோம். ஸகாத்தைப் பெற உரித்துடையோர் எட்டுக் கூட்டத்தினர் என்பதும், முஸ்லிமல்லாதவருக்கு அதைக் கொடுப்பது பற்றி இமாம்கள் விரிவாகப் பேசியிருக்கிறார்கள் என்பதும் ஒருபுறம் இருக்கட்டும். ஸதகாவுக்கு அந்த வேலி இல்லை. இஸ்லாத்தை ஏற்காத உறவினர்களுக்கு உதவலாமா என்று சிலர் தயங்கியபோதே ஸூரா அல்பகராவின் 272ஆவது வசனம் இறங்கியது என இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் வழியாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. நேர்வழி கொடுப்பது அல்லாஹ்வின் பொறுப்பு. சோறு கொடுப்பதற்கு அதை நிபந்தனையாக்க வேண்டியதில்லை. அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) அவர்களின் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, யூதரான அயலவருக்குக் கொடுத்தீர்களா என்று அவர்கள் ஒரு முறைக்கு இரு முறை விசாரித்தது ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. கலீஃபா உமர் (ரழி) அவர்கள் கண்பார்வையற்ற ஒரு முதியவர் வாசலில் நின்று யாசிப்பதைக் கண்டு, அவர் யூதர் என்று தெரிந்ததும் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துச் சென்று கொடுத்தார்கள். பின்னர் பைத்துல்மாலின் பொறுப்பாளரை அழைத்து, இளமையில் அவரிடம் வரி வாங்கிவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியல்ல என்று கூறி, அவரையும் அவரைப் போன்றோரையும் கவனிக்கச் சொன்னார்கள். இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்கள் தமது கிதாபுல் கராஜில் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

மலைநாட்டு நகரங்களில் கடை வைத்திருக்கும் நமது சகோதரர்கள் இதைத் தனியாகக் கவனிக்கவேண்டும். உங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளர்கள். நாட்சம்பளம் 1000 ரூபாவாக வேண்டும் என்பதற்கே அவர்கள் 2021ஆம் ஆண்டு வரை பல வருடங்கள் போராட வேண்டியிருந்தது. அவர்கள் பறித்த கொழுந்தில் வந்த சம்பளத்தில்தான் உங்கள் கல்லாவும் நிறைந்தது, உங்கள் பிள்ளைகளும் படித்தார்கள். லயன் அறையில் ஒரு பிள்ளை பாடசாலையை விட்டு நிற்கிறது என்று கேள்விப்பட்டால் அது உங்களுக்கு அந்நியச் செய்தியல்ல.

கொடுப்பதிலும் வகை இருக்கிறது. நான் இமாமாகக் கடமையாற்றிய ஓர் ஊரில் வயதான தையற்காரர் ஒருவர் இருந்தார். ஆயத்த ஆடைக் கடைகள் வந்த பின் அவரது தொழில் படுத்துவிட்டது. ரமழான் பொதியை இரண்டு வருடமும், “என்னை விடக் கஷ்டப்பட்டவருக்குக் கொடுங்க தம்பி” என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஊர் இளைஞர்கள் கலந்து பேசி, மத்ரஸாப் பிள்ளைகளுக்கு 30 ஜுப்பாக்கள் தைக்கவேண்டும் என்று துணியோடு அவரிடம் போனார்கள். சந்தை விலைக்கே கூலி பேசினார்கள். மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார். சொன்ன நாளில் 32 ஜுப்பாக்கள் வந்தன. மிஞ்சிய இரண்டும் தன் துணி, தன் கூலி, தன்னுடைய ஸதகா என்றார். கொடுக்கும் ஆசை நமக்கு மட்டும் உரியது என்று நாம் எப்படியோ எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

ரமழானில் பொதிகள் குவிகின்றன. ஒரே வீட்டுக்கு நான்கு பொதிகள் போவதும் உண்டு. வெள்ளம், மண்சரிவு என்றால் முதல் பத்து நாட்கள் சாப்பாடு மிஞ்சுகிறது. குடும்பம் திண்டாடுவது அதற்குப் பிந்திய மாதங்களில். முகாமிலிருந்து திரும்பிய பின், உழைப்பவரின் கருவிகள் ஆற்றோடு போன பின். ஆகவே ஒவ்வொரு மஹல்லாவிலும் வாய் காக்கத் தெரிந்த மூவர், நால்வர் போதும். அவர்களில் ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்கட்டும். அடுப்படியின் நிலை ஆணுக்குத் தெரியாது. பட்டியல் அவர்களிடமே இருக்கட்டும்; அறிவித்தல் பலகையில் வேண்டாம். பொதிக்குப் பதிலாக முடிந்தால் கையில் பணமாகக் கொடுங்கள். அந்த வீட்டுக்கு இன்று அரிசி தேவையா, மருந்து தேவையா, மின்கட்டணத்துக்கு இறுதி அறிவித்தல் வந்திருக்கிறதா என்பது அந்த வீட்டுக்குத்தான் தெரியும். ஸகாத்துல் பித்ரை மட்டும் அதற்குரிய அரிசியாகவே, பெருநாள் தொழுகைக்கு முன் சேர்த்துவிடுங்கள்.

பாடசாலையில் புதிய வருடம் தொடங்குமுன் ஒரு காரியம் செய்யுங்கள். வகுப்பாசிரியரிடம் பெயர்களை ஒப்புவிக்கச் சொல்லாமல், கொப்பிகளும் ஒரு சோடி சப்பாத்தும் எத்தனை பிள்ளைகளுக்குத் தேவை என்ற எண்ணிக்கையையும் அளவுகளையும் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். அவற்றை வாங்கி அவரது கையில் கொடுத்துவிடுங்கள். பிள்ளைகளுக்கு அவர் கொடுத்துக்கொள்வார்.